எந்த அலுவலகமும் கேட்காத கோப்பு

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும்?" என்பதைத்தான். எந்த அலுவலகத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுக்கல்விக்கென்று விண்ணப்பப் படிவம் கிடையாது, பதிவேடு கிடையாது, ஆய்வுக்கு வரும் அதிகாரியும் கிடையாது. இதைக் கேட்டதும் பலருக்கு நிம்மதி பிறக்கிறது. எனக்கோ அங்கேதான் கவலை ஆரம்பிக்கிறது. கேட்பவர் இல்லாத இடத்தில் காகிதம் சேராது. காகிதம் சேராமல் வளர்ந்த பிள்ளை பதினைந்து வயதில் ஒரு தேர்வுக்கோ கல்லூரிக்கோ போய் நிற்கும்போது, இத்தனை ஆண்டுகள் எங்கே படித்தாய் என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

எங்கள் மகள் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றாள். இப்போது, வகுப்புக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத உதவும் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிந்திருக்கிறாள். மகன் பள்ளிக்கே போனதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து எங்கள் வீட்டு அலமாரியின் ஒரு தட்டு முழுவதும் கோப்புகள்தான். அவற்றை ஏன் சேர்த்தோம், எதைச் சேர்த்தோம் என்பதை, இந்த வழியில் இப்போது காலெடுத்து வைக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். அதன் 10-ஆம் பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. வீட்டில் கற்பிப்பதை அனுமதிக்கிறோம் என்றும் இல்லை, தடுக்கிறோம் என்றும் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்த பெற்றோர் அதைத் தொடரலாம், சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்று மத்திய அரசு 2012-ல் சொன்னது. பிறகு அந்த நிலையிலிருந்து பின்வாங்கியது. ஆகவே "வீட்டுக்கல்வி முழுக்கச் சட்டபூர்வமானது" என்று அடித்துச் சொல்பவரையும், "ஜெயிலில் போட்டுவிடுவார்கள்" என்று பயமுறுத்துபவரையும் நான் நம்புவதில்லை. நாம் நிற்பது சட்டம் வாய் திறக்காத இடத்தில். அங்கே நம் பக்கம் பேசுவது நாம் எழுதி வைத்திருப்பது மட்டுமே.

அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுத்திருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு இதன் தொடர்ச்சிதான். பள்ளியில் படித்த ஒவ்வொரு குழந்தைக்கும் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஓர் அடையாள எண், இருக்கிறது. பள்ளியிலிருந்து நீங்கியதும் அந்தப் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. வேறு பள்ளி எதுவும் அதை எடுத்துக்கொள்ளாவிட்டால் பெயர் அங்கேயே நிற்கும், ஒருநாள் யாராவது தேடிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். கோடை விடுமுறைக்குச் சற்று முன், நல்ல வெயிலில், பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் கைப்பேசியில் பெயர்ப் பட்டியலோடு வாசலில் நின்றார்.

"ஏம்மா, உங்கள் பெண் இரண்டு வருடமாக எந்தப் பள்ளியிலும் இல்லை என்று காட்டுகிறதே?"

"வீட்டிலேயே படிக்கிறாள் டீச்சர். உள்ளே வாருங்கள், காட்டுகிறேன்."

மோர் கொடுத்துவிட்டுக் கோப்பை எடுத்து வைத்தேன். அவர் பொறுமையாகப் புரட்டினார். கணக்கு நோட்டில் பின்னங்கள் வரும் பக்கத்தை மகளிடம் காட்டி, இது எப்படி வந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். பிறகு எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் அம்மா. நான் மேலே காட்ட வேண்டும். என் படிவத்தில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற காரணம் எதுவும் இல்லை."

அந்த ஆசிரியையின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர் தேடி வருவது என் மகளைப் போன்ற பிள்ளைகளை அல்ல. செங்கல் சூளையிலும் நூற்பாலையிலும் காணாமல்போகும் பிள்ளைகளைத் தேடித்தான் அந்த வெயிலில் நடக்கிறார். வீட்டில் படிக்கும் குழந்தைக்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை அவருக்குக் காட்ட வேண்டியது என் வேலை. கதவைத் திறக்காமல் "என் பிள்ளை, என் விருப்பம்" என்று பேசுகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்கும் நல்லதில்லை, அந்தக் கணக்கெடுப்புக்கும் நல்லதில்லை. அக்கம்பக்கத்தார் யாராவது சந்தேகப்பட்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தாலும் இதே கோப்புதான் பதில் சொல்லும்.

இனி காகிதங்கள். பள்ளியில் படித்த பிள்ளையை நிறுத்துகிறீர்கள் என்றால், மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் வெளியே வராதீர்கள். தொடக்கப் பள்ளியானால் அதற்குப் பதிலாகப் பதிவுத்தாள் தருவார்கள். மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்று சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எனவே "எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்று தலைமையாசிரியர் கேட்கத்தான் செய்வார். வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டிருக்காமல், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வொரு வரியையும் படியுங்கள்: பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் ஒன்றுதானா, படித்த வகுப்பும் தேர்ச்சி விவரமும் சரியா, எமிஸ் எண் இருக்கிறதா, அங்க அடையாளங்கள் எழுதியிருக்கிறார்களா. பிறகு வந்து திருத்தம் கேட்டால் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும், அதற்குள் தலைமையாசிரியரும் மாறியிருப்பார்.

எல்லாவற்றிலும் அதிகம் மெனக்கெட வைப்பது பெயர். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கென்றே வாய்த்த தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் இல்லாமல் பெயர் மட்டும், பள்ளிப் பதிவில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். எங்கள் மகளின் பெயரில் ழகரம் வேறு வருகிறது. நகராட்சி கொடுத்த சான்றிதழில் ஆங்கிலத்தில் 'இசட் எச்' போட்டிருந்தார்கள், பதிவுத்தாளில் 'எல்' மட்டும் இருந்தது. பள்ளிக்குள் இருக்கும்வரை இதையெல்லாம் வகுப்பாசிரியர் யாராவது பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சரிசெய்துவிடுவார். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அப்படிக் கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை. திறந்தநிலைப் பள்ளியின் இணையப் படிவத்தில் நாம் தட்டுவதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும், அந்தச் சான்றிதழ்தான் வாழ்நாள் முழுவதும் முன்னே நிற்கும்.

நாங்கள் பிறப்புச் சான்றிதழையே மூல ஆவணமாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றினோம். உங்களுக்கும் அதையே சொல்வேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் சாதாரணமாக மாற்ற முடியும் என்பதால், என்ன எழுத்தில் வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி முடிவு செய்துவிட்டு மையத்துக்குப் போங்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும். பள்ளிகளில் அவ்வப்போது முகாம் போட்டு இதை முடித்துவிடுகிறார்கள், நம் பிள்ளைகளை நாம்தான் அழைத்துப் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இன்னும் ஏறவில்லை என்றால் அதை முதல் வேலையாகச் செய்யுங்கள். பெயர் சேர்க்கப் பதினைந்து ஆண்டு வரைதான் விதி இடம் தருகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியை நிரூபிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்கிற வழி அவர்களுக்கு இல்லை. வீட்டுக்கல்விப் பெற்றோருக்கு இது ஒருவகையில் நல்ல செய்திதான்.

தேர்வுக்கு வருவோம். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கும் எட்டாம் வகுப்புச் சான்று வாங்கித் தரும் வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை, பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எழுதலாம். மாற்றுச் சான்றிதழ், பதிவுத்தாள், பிறப்புச் சான்றிதழ் இவற்றில் ஒன்று போதும். அறிவிப்பு நாளிதழ்களில் சிறிய செய்தியாக வரும், விண்ணப்பிக்க சில நாட்களே இருக்கும். நாங்கள் மகளை இந்தத் தேர்வை எழுத வைத்தோம். வீட்டில் படித்ததற்கு அரசு முத்திரையோடு கிடைத்த முதல் தாள் அதுதான். அதன் பிறகு உறவினர்கள் கேள்வி கேட்பது பாதியாகக் குறைந்தது. அவளுக்கும் தேர்வறையில் உட்கார்ந்து எழுதுவது பழகியது.

திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., 1989-ல் மத்திய அரசு தொடங்கியது. பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதினைந்து. வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படும் என்பதை அந்தந்த ஆண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புச் சான்று இல்லையென்றாலும், பத்தாம் வகுப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று தானே உறுதியளித்துச் சேரலாம். வீட்டில் படித்த பிள்ளைகளுக்கு நாட்டில் திறந்திருக்கும் மிகப் பெரிய கதவு இந்த ஒற்றை வரிதான் என்பேன். பதிவு ஐந்தாண்டுகள் செல்லும். ஒப்படைப்புகளுக்கு ஒவ்வொரு பாடத்திலும் 20 சதவீதம் மதிப்பெண் உண்டு. அவற்றை உரிய தேதிக்குள் அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை அச்செடுத்து வையுங்கள். தேர்ச்சி பெற்றதும் மதிப்பெண் சான்றிதழோடு இடப்பெயர்வு மற்றும் மாற்றுச் சான்றிதழும் சேர்த்தே தருகிறார்கள். அதோடு, மாற்றுச் சான்றிதழ் எங்கே என்ற பழைய கேள்வி தீர்ந்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டு வாரியங்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். தனித்தேர்வராக ஏற்றுக்கொள்ளும் பள்ளியை அவர்கள் தேடிப் பிடிக்க வேண்டும், செலவும் பல மடங்கு.

கதவுகள் மூடியிருக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசு வேலைவாய்ப்பில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு நிலைக்கும் பள்ளியிலிருந்து சான்று வேண்டும். எங்கள் வீட்டில் அறிவியலும் வரலாறும் தமிழில்தான் படித்தோம். ஒளிச்சேர்க்கையும் சோழர் கால ஏரிப் பாசனமும் தமிழிலேயே பேசி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஆனால் அவர்களுக்கு அந்தச் சான்றில் கையெழுத்திட ஒரு தலைமையாசிரியர் இல்லை. கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் இல்லை. அது அவர்களுக்கென்று கொடுக்கப்பட்டது, அதில் எனக்குக் குறையில்லை. முந்தையது மட்டும் வலிக்கிறது.

பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவைப்படாது, நம் பிள்ளைகளுக்கு வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறை தரும். சாதிச் சான்றிதழையும் பள்ளி வழியாக எடுத்துத் தருவார்கள் என்று காத்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் மாதத்தில் மையங்களில் கூட்டம் நெரியும், ஓராண்டு முன்பே வாங்கிவிடுங்கள். நீட் தேர்வுக்குத் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இருந்த தடை இப்போது நீங்கிவிட்டது. மாநில அரசு வேலைகளுக்குத் திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழை இணையானதாக ஏற்கும் சமநிலை அரசாணைகள் மாறக்கூடியவை, பிள்ளை அந்தப் பக்கம் போக நினைத்தால் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

உடல்நலக் காகிதம் எளிதில் விட்டுப்போகும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசியைப் பள்ளியில் வந்து போட்டுவிடுவார்கள். நாம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போய், அட்டையில் தேதி எழுதி வாங்க வேண்டும். குடற்புழு மாத்திரை நாளன்று அங்கன்வாடியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அரசு தரும் காகிதங்கள் இவ்வளவுதான். மீதி நாமே எழுதுவது. எந்த அளவுக்கு எழுதுவது என்று தெரியாமல் முதலில் வெளிநாட்டு விதிகளைப் படித்துப் பார்த்தேன். நியூயார்க் மாநிலத்தில் வீட்டுக்கல்விப் பெற்றோர் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, பாடத்திட்டம் சமர்ப்பித்து, காலாண்டுக்கு ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரம், அதன் மேல் 990. ஆற்றைத் தாண்டிய நியூ ஜெர்சியில் இவை எதுவும் கேட்பதில்லை. மணிக்கணக்கு எழுதுவது நமக்குப் பயன்படாது என்று விட்டுவிட்டேன், காலாண்டு அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு பக்கம்: எந்தப் பாடத்தில் எதுவரை வந்தோம், என்ன புத்தகங்கள் படித்தாள், எங்கே தடுமாறினாள், எங்கெல்லாம் போய் வந்தோம். கூடவே அந்தக் காலாண்டின் கணக்கு நோட்டிலிருந்து சில தாள்களும் கட்டுரை ஒன்றும் தேதியோடு.

திருத்தப்பட்ட தாள்களையும் வையுங்கள். அழகான ஓவியங்களும் நூற்றுக்கு நூறு எடுத்த தாள்களும் மட்டும் இருக்கும் கோப்பை யாரும் நம்பமாட்டார்கள். சிவப்பு மையில் சுழித்த தவறும் அடுத்த மாதத்தில் அதே கணக்கைச் சரியாகப் போட்ட பக்கமும் அடுத்தடுத்து இருந்தால், பார்க்கிற ஆசிரியர் உடனே புரிந்துகொள்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்த ஆசிரியை நின்று படித்ததும் அப்படிப்பட்ட பக்கங்களைத்தான். நூலக உறுப்பினர் அட்டை, இந்தி பிரச்சார சபைத் தேர்வுச் சான்றிதழ், சதுரங்கப் போட்டிச் சான்றிதழ் ஆகியவை வெளியிலிருந்து வரும் சாட்சிகள், அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரையோ கையெழுத்தோ தேவைப்படும்போது இடம் இருக்காது.

சென்ற ஆண்டு மகள் ஒரு நாள், கல்லூரிக்குப் போய் நிலவியல் படிக்க வேண்டும் என்றாள். வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்தது நாங்கள். அவளுக்கு அப்போது பத்து வயது, அவளால் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இப்போது அவள் முறை. அவள் கேட்ட அன்றைக்கு நாங்கள் தேட வேண்டிய காகிதம் எதுவும் இருக்கவில்லை. பெற்றோரின் கொள்கைக்காகப் பிள்ளை ஒரு வாய்ப்பையும் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கோப்பு. மகனுக்குத் திடீரென்று ஏழாம் வகுப்பில் பள்ளிக்குப் போகத் தோன்றினாலும் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதுவரை படித்திருக்கிறான் என்று காட்டக் காலாண்டுப் பக்கங்கள் இருக்கின்றன.

பதிவு முறை ஒன்று வேண்டும் என்று நான் சொன்னால் வீட்டுக்கல்வி நண்பர்கள் பலர் கோபப்படுகிறார்கள். பதிவு வந்தால் ஆய்வு வரும், ஆய்வு வந்தால் பாடநூல் வரும், கடைசியில் வீடே பள்ளியாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எண்ணிக்கையில் இல்லாதவர்களுக்காக எந்தத் துறையும் விதி எழுதாது. ஒரு பக்கப் படிவம் போதும்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் இருந்தால் அது, வீட்டில் கற்கும் மொழி, பெற்றோர் கையெழுத்து, ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தல். கணக்கெடுப்புப் படிவத்தில் 'வீட்டில் கற்கிறார்' என்று ஒரு கட்டம் இருந்தால் அந்த ஆசிரியை எங்கள் வாசலில் தடுமாறியிருக்கமாட்டார். மொழி என்ற கட்டம் இருந்தால், தமிழ்வழிச் சான்றைப் பற்றி நாளைக்குக் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

அப்படி ஒரு படிவம் வரும்வரை, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதே விவரங்களைக் கடிதமாக எழுதி, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வருகிறேன். பதில் வந்ததில்லை. முத்திரையில் இருக்கும் தேதி எங்களுக்குப் போதும். கடிதத்தின் மாதிரி வேண்டும் என்பவர்கள் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.